பொட்டு வைத்த திரை

என் மல்லிகா அக்காவுக்கு,

கோபமாகத்தான் எழுதுகிறேன். நீ போன பிறகு நான் அழுததைவிடப் பல்லைக் கடித்ததுதான் அதிகம். எல்லாம் நம் தலைமையாசிரியரால்.

அருப்புக்கோட்டைக் கடைக்காரர்களிடம் நீ கெஞ்சிக் கூத்தாடி நன்கொடை திரட்டி எட்டாம் வகுப்புக்கு வாங்கிவந்த தொடுதிரைக்கு, இந்த ஆயுத பூஜையன்று அவர் பூஜை போட்டார். பீரோவுக்கும் மணிக்கும் வைப்பது போல, திரையின் சட்டத்திலும் நாலு பக்கமும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமம் வைத்தார். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். துக்க வீட்டு ஆள் பூஜையில் சேரக் கூடாதாம்.

விடுமுறை முடிந்து வந்தால் திரை தொட்டதற்கு அசையவில்லை. உன் மின்சுற்றுப் பாடத்தில் பிள்ளைகள் கம்பியை விரலால் இழுத்துச் சேர்த்தால்தானே பல்பு எரியும்? பாடவேளை முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு, எரியாத பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒங்க அக்கா செஞ்ச பாடம் சரியில்ல டீச்சர். எல்லாத்தையும் அழிச்சிருங்க. நல்ல வீடியோவாப் போட்டுவிடுவோம். பிள்ளைக பாத்தாப் போதாதா, எதுக்குத் தொடணும்?” என்றார் தலைமையாசிரியர்.

சோறு ஆறிப்போவது தெரியாமல் உட்கார்ந்து, நீ உன் குரலிலேயே பேசிப் பதிந்த பாடங்கள். அதை அழிக்க வேண்டுமாம். நீ இருந்திருந்தால் “சரிங்க சார்” என்றிருப்பாய். உன்னுடைய அந்தச் “சரிங்க சார்”தான் அவரை இப்படி வளர்த்துவிட்டது. உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு, தெரிந்துகொள். எல்லாவற்றுக்கும் தலையாட்டி என்ன கண்டாய்?

திரை விற்ற கடைக்குப் போன் போட்டேன். “சட்டத்துல எதுவும் ஒட்டியிருந்தா, யாரோ வெரல வச்சிருக்காகன்னு அது நெனச்சுக்கிரும். தொடச்சுப் பாருங்க” என்றார்கள். ஈரத் துணியோடு வகுப்புக்குப் போனேன். காய்ந்த சந்தனம் லேசில் வரவில்லை, நகத்தால் சுரண்டினேன். அவர் வாசலில் வந்து நின்றார்.

“சாமிக்கு வச்ச பொட்ட அழிக்கிறீகளே, வெளங்குமா? அதுவும் துக்கம் கழியாத கையால.”

“இந்தக் கைதான் சார் தெனமும் பிள்ளைகளுக்கு எழுதிப் போடுது. அதுக்குத் தீட்டு இல்லையா?”

சொல்லிக்கொண்டே மிச்சத்தையும் சுரண்டித் துடைத்தேன். பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டுக் கம்பியை இழுக்கச் சொன்னேன். அவள் தப்பாகச் சேர்த்தாள். உடனே வகுப்பெல்லாம் கேட்க நீ பேசினாய்: “தப்பாப் போச்சா? ஒண்ணும் ஆகாது. இன்னொருக்க இழுத்துப் பாரு.”

அந்தப் பிள்ளை கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “பெரிய டீச்சர் இன்னொருக்க இழுக்கச் சொல்லுறாக, இழுக்கவா?” என்றாள். தலையை ஆட்டினேன். இழுத்தாள். பல்பு எரிந்தது.

“சத்தத்தக் கொறைங்க” என்றார் அவர். நான் கூட்டி வைத்தேன்.

இப்போது என்னை வேறு ஊருக்கு மாற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லித் திரிகிறாராம். மாற்றட்டும், அதுவரை தினம் ஒரு பாடம் போடுவேன். ஒன்றைக்கூட அழிக்க விடமாட்டேன், இது சத்தியம். உன் போனில் இருக்கிற குரலை வீட்டில் தனியாகக் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை, அக்கா. வகுப்பில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

உனக்குப் பின்னால் பிறந்து,
உன்னைப் போல் பணியத் தெரியாத தங்கச்சி,
செல்வராணி