டிஸ்க்கில் வைத்த சந்தனம்

21.10.1988, வெள்ளி, குனோங் ராபாட்

கடையில் கம்ப்யூட்டரை இயக்கும் டாஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் கொண்டுவந்து பார்த்தால் தமிழ் எழுத்தைக் காணோம். அஞ்சலை அக்கா பாடப் பாட நான் அடித்து வைத்த மாரியம்மன் பாட்டுகள் தனி டிஸ்க்கில் அப்படியே இருக்கின்றன. திறந்தால் கோடும் புள்ளியுமாக ஓடுகின்றன.

வீட்டுக்காரரும் நானும் கடைக்கே திரும்பப் போனோம்.

"டாஸ்தான் எங்க பொறுப்புக்கா. தமிழ் எழுத்து வேற ஆளு செஞ்சது, அது டாஸோட வராதுலா. அந்தத் தமிழ் எழுத்து டிஸ்க் இருந்தா குடுங்க, மறுபடி ஏத்திடலாம்," என்றார் கடைக்காரர்.

கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார். "இது என்னக்கா?"

சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு அதையும் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தேன். உறையில் திறந்திருந்த இடம்தான் பொட்டு வைக்கத் தோதாக இருந்தது.

"அங்கதான்கா மிஷின் படிக்கும்," என்றார். மெல்லத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். கரகரவென்று சத்தம் மட்டும் வந்தது. அந்தத் தமிழ் எழுத்தைச் செய்தவர் ஆஸ்திரேலியா போய்விட்டாராம். வேறு நகல் யாரிடமும் இல்லையாம்.

காரில் வரும்போது வீட்டுக்காரர், "சாமியே உள்ள பூந்துடுச்சு போல," என்றார். என்னைச் சிரிக்க வைக்கத்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அஞ்சலை அக்கா மாசியில் போய்ச் சேர்ந்துவிட்டார். கம்ப்யூட்டரில் இருந்தால் அழியாது என்று நம்பி, தாளில் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, அம்மனிடம் என்ன கேட்பதென்று தெரியாமல் நின்றேன்.

முதல் பாட்டை இங்கே எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு அடி வருகிறது. மூன்றாவதில் வேப்பிலை வரும். அதற்கு முன்னால் அக்கா என்ன சொல்லி இழுப்பார் என்று...