கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் நானும் என் வீட்டுக்காரரும் நடந்தோம். வலி என் முழங்காலுக்கு, பெருமை இவருக்கு. படகுத்துறையில் தொடங்கி, கேலரித் தெரு ஏறி, கடைத்தெரு முடிகிற முக்கு வரைக்கும். வீட்டுக்கு வந்து மடமடவென்று தண்ணீரைக் குடித்துவிட்டு, நாளைக்கு இன்னும் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று எனக்கு உத்தரவு வேறு.

போடட்டும். கண் போன பிறகு மாதக்கணக்கில் சுவர்ப்பக்கம் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் இவர். யார் கூப்பிட்டாலும் பதில் கிடையாது. தட்டில் வைத்தது வைத்தபடி இருக்கும். எப்படியோ கையைப் பிடித்து இழுத்துத் தெருவுக்குக் கொண்டுவந்தேன். முதல் நாள் கேட்ட முதல் கேள்வி, "வாட்ச் கடைக்காரன் இருக்கானா?" இவருடைய உயிர் நண்பர் அவர். கடை ஷட்டரில் பூட்டு தொங்கியது. "இருக்கார், யார்கிட்டயோ பேசிக்கிட்டிருக்கார்" என்று சொல்லிவிட்டேன். அடுத்த அடியை இவர் எவ்வளவு எட்டி வைத்தார் என்று நான்தான் பார்த்தேன்.

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். ஆற்றுக்கு மேலே பாலம் வந்து படகுப் போக்குவரத்து நின்றதிலிருந்து இந்தப் பக்கம் ஈ காக்கை வருவதில்லை. பாதிக் கடைக்குமேல் மூடியாகிவிட்டது. இவர் ஆஸ்பத்திரியிலும் நாற்காலியிலும் கிடந்த காலத்தில் நடந்தது எல்லாம். இவருக்கு மட்டும் நான் இன்னும் ஒவ்வொரு கடையாகத் திறந்துவைத்துக்கொண்டு வருகிறேன். படகுத்துறையில் அறிவிப்பு மைக் முன்னால் பாதி ஆயுளைக் கழித்தவள். முக்கால் மணி நேரத் தாமதத்தை "இன்னும் சற்று நேரத்தில்" என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவள். எனக்கு இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா?

மார்ச் 6, வியாழன்

பெரிய விஷயம்தான்.

இந்தத் தெருக்களில் முக்கால்வாசிக் கடைகளுக்கு முன்கண்ணாடி பொருத்தியது இவர். அதனால் தொட்டுப் பார்க்க ஆசை. கண்ணாடி இன்னும் இருக்கிற கடை என்றால் பரவாயில்லை, விரலை மடக்கி ஒரு தட்டு தட்டிவிட்டு "நம்ம வேலை" என்பார். பலகை அடித்த கடை என்றால் என் பாடு திண்டாட்டம். ஓரத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, பெயின்ட் ஈரம், வண்டி நிற்கிறது என்று ஏதாவது சாக்கு. ஒரே தெருவில் தினமும் எத்தனை வண்டி நிற்கும்?

இன்று வாட்ச் கடையைத் தாண்டியதும் கேட்டார்.

"அவன் ஏன் வெளிய வந்து பேச மாட்டேங்கறான்?"

"கை ஆட்டினார்ங்க. நீங்க கவனிக்கலை."

"கையை ஆட்டினா எனக்கு எப்படித் தெரியும்? அது அவனுக்குத் தெரியாதா?" கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "பாவம், கண்ணு போனவன்கிட்ட என்ன பேசறதுன்னு அவனுக்குத் தெரியல" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கடையைத் திறந்துவைக்கப் போய் நண்பனைக் கல்நெஞ்சக்காரன் ஆக்கிவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் திரும்பவும் அந்த நாற்காலி, அந்தச் சுவர். வேண்டாம் சாமி.

மார்ச் 11, செவ்வாய்

கேலரித் தெருவில் இன்று நன்றாகச் சொன்னேன் என்று எனக்கே தோன்றியது. பூனையம்மாவின் ஓவியக் கேலரிதான் இவருக்கு உயிர். இவர் வாழ்நாளில் பொருத்தியதிலேயே பெரிய கண்ணாடி அங்கேதான். அதற்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பூனை படுத்திருக்கும். அதனால் அந்த அம்மாவுக்கு அந்தப் பெயர். படகு நின்ற வாரமே அவர் இறந்துவிட்டார். அதையும் இவருக்குச் சொல்லவில்லை. கண்ணாடி முழுக்க உள்பக்கமாகப் பழைய பேப்பர் ஒட்டியிருக்கிறது.

உள்ளேயிருந்து ஆணி அடிக்கிற சத்தம் கேட்கிறதே என்றார். புது ஓவியங்கள் மாட்டுகிறார்கள் என்றேன். என்ன ஓவியம் என்றார்.

"ஒரு பொம்பளை குனிஞ்சு தொட்டித் தண்ணியில கையை விட்டுக்கிட்டிருக்கா. பச்சைப் புடவை. முகம் தெரியல. ஒரு கை மட்டும்தான் தண்ணிக்குள்ள இருக்கு."

"இன்னொரு கை?"

நான் திரும்பிப் பார்த்தேன். சரிபார்ப்பதற்காக. பேப்பர் ஒட்டின கண்ணாடியில் எதைச் சரிபார்க்கப் போனேன்? அந்தப் படத்தை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது.

மார்ச் 12, புதன்

இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. காலையில் பல் தேய்க்கும்போது ஞாபகம் வந்தது. ஞாபகமா?

மார்ச் 16, ஞாயிறு

இவருடைய தம்பி வந்திருக்கிறார். பெட்டியை வைத்த கையோடு, "அண்ணா, வாங்க ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்றார். டீ போடுகிற சாக்கில் சமையலறைக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அண்ணி, ஒரு கடை ரெண்டு கடைன்னா சரி. தெருவையேவா?"

"தம்பி, அவர் சாப்பிடறார். தூங்கறார். போன வாரம் என்னைக் கிண்டல் பண்ணிச் சிரிச்சார். அது போதும் எனக்கு. நீங்க கூட வாங்க, வாயை மட்டும் திறக்காதீங்க."

"பொய் சொன்னா எனக்கு விக்கல் வரும் அண்ணி."

"அப்போ தண்ணி பாட்டில் எடுத்துக்குங்க."

மார்ச் 18, செவ்வாய்

மூன்று பேருமாக நடந்தோம். வாயைத் திறக்காதீர்கள் என்றால் தம்பி கேட்கிறாரா? உதவி செய்கிறாராம். நான் இன்று லீவு என்று சொல்லிவைத்திருந்த பொம்மைக் கடையைத் தம்பி திறந்துவைத்தார். "வாசல்ல ஒரே கூட்டம் அண்ணா!" என்றார். கூட்டம் என்றால் சத்தம் வேண்டாமா? தெருவில் எங்கள் மூன்று பேர் செருப்புச் சத்தம்தான். "கூட்டம் ரொம்ப மரியாதையான கூட்டம் போல" என்றார் என் வீட்டுக்காரர். தம்பிக்கு நிஜமாகவே விக்கல் வந்துவிட்டது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். பல நாளாகி இருந்தது அப்படிச் சிரித்து.

கேலரி வாசலிலும் நின்றோம். அந்தப் பச்சைப் புடவைப் படத்தை எடுத்துவிட்டு அங்கே வேறு மாட்டியிருந்தார்கள். ஒரு மாடிப்படி, மேல் படியில் யாரோ விட்டுப்போன குடை. இவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

மார்ச் 20, வியாழன்

தம்பி ஊருக்குக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அண்ணனுக்காகச் சொல்றீங்கன்னு புரியுது அண்ணி. ஆனா அந்தக் கேலரி வாசல்ல, நான் நடுவுல வந்து நின்னப்ப, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குதுன்னு சொன்னீங்க."

"சரி, அதுக்கென்ன?"

"எதை மறைச்சேன் அண்ணி? அங்க பேப்பர்தானே ஒட்டியிருந்துச்சு?"

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அனுப்பிவைத்தேன். தம்பிக்கு என்ன தெரியும்? வருஷத்துக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பாத்துட்டுப் போறவருக்கு என்ன தெரியும்? தினம் நடக்கறவ நான். தினம் பாக்கறவ நான்.

மார்ச் 23, ஞாயிறு

மத்தியானம் இவர் தூங்கினதும் தனியாகப் போனேன். தம்பி சொன்னதை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று.

படகுத்துறையில் டிக்கெட் கூண்டுக்குப் பூட்டு. என் மைக் அறை ஜன்னலில் யாரோ கல்லெறிந்திருக்கிறார்கள். கேலரித் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. பலகை, பலகை, ஷட்டர், பலகை. எல்லாம் சரியாகத் தெரிந்தது. எனக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பூனையம்மா கண்ணாடிக்குப் பின்னால் நின்றார். நான் எதையும் சொல்லவில்லை. சொல்வதற்குப் பக்கத்தில் ஆளே இல்லை. இவர் வீட்டில் தூங்குகிறார், நான் யாருக்காகக் கதை கட்டுவேன்? அந்த அம்மா பூனையைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்குக் கை காட்டினார். நானும் கை காட்டினேன். காட்டிவிட்டுத்தான் ஓடி வந்தேன்.

பயமாயிருக்கு. யார்கிட்ட சொல்றது இதை?

மார்ச் 24, திங்கள்

முழங்கால் வலி என்று சொல்லி நடக்கப் போகவில்லை. இவர் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு விரலால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

மார்ச் 27, வியாழன்

இதை எப்படி எழுதுவது?

கேலரி வாசலில் நின்றோம். நான் குனிந்த தலை நிமிராமல், போன வாரப் படம்தான் இருக்கிறது, அதே குடை என்றேன். இவர் மூக்கை உறிஞ்சினார்.

"ஷேவிங் லோஷன் வாசனை வருதே."

"யாராவது போயிருப்பாங்க இந்தப் பக்கம்."

"கத்தரிக்கோல் சத்தம் கேக்குது. உள்ள ரேடியோ பாடுது."

"கேலரியில ரேடியோ வச்சிருக்காங்க இப்ப. வாங்க போலாம்."

கையை உதறிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து என் கையை அப்படி உதறியதில்லை. குச்சியால் தடவி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் தெருவில் நின்றேன். சுவர் முழுக்கப் படங்கள். மாடிப்படி, குடை. அந்த அம்மா அவற்றுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தார். இவர் எங்கே போனார் என்று எனக்குத் தெரியவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவு திறந்தது. இவர் வந்தார். முடி ஒட்ட வெட்டியிருந்தது. மீசையை எடுத்திருந்தார். கன்னத்தில் பவுடர்.

"தொட்டுப் பாரு," என்றார். தொட்டேன். வழுவழுவென்று இருந்தது. பிடரியில் ஒட்டியிருந்த சின்னச் சின்ன முடி என் விரலில் குத்தியது. நடுத்தெருவில் நின்று அழுதேன்.

மார்ச் 28, வெள்ளி

இன்று காலை டீயைக் கையில் கொடுத்ததும் இவரே ஆரம்பித்தார்.

"பூனையம்மா செத்துட்டாங்களாமே. கேலரி இடத்துல இப்ப சலூன் வச்சிருக்கவர் சொன்னார். ரெண்டு வாரமா உள்ள மர வேலை நடந்துதாம். திங்கக்கிழமைதான் கடை திறந்தாராம்."

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தேன்.

"நான் கண்ணாடிக்காரன்டி. சாமான் நிறைஞ்ச கடையும் காலிக் கடையும் ஒரே சத்தமா போடும்? தட்டின முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு, பாதிக் கடை காலின்னு."

"அப்புறம் ஏங்க சொல்லலை?"

"நீ சொல்றது நல்லாயிருந்துச்சு. எனக்காக ஒருத்தி தெருவையே கட்டிக்கிட்டு வர்றா, அதைப் போய் எப்படி இடிக்கிறது?" டீயை ஊதினார், குடிக்கவில்லை. "ஆனா கொஞ்ச நாளா நீ எங்கிட்டச் சொல்லலை. உன் குரல் வேற பக்கம் திரும்பியிருக்கு. யார்கிட்டயோ பேசிக்கிட்டு வர்றே. எனக்குப் பயமாயிருக்கு."

பயப்பட வேண்டியவள் நான், பயந்தது இவர். எல்லாவற்றையும் சொன்னேன். பச்சைப் புடவை, குடை, கை காட்டினது. ஒன்றையும் மறைக்கவில்லை. இவர் நடுவில் குறுக்கிடவே இல்லை. கடைசியில், டாக்டரிடம் போகலாம், நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். யாரை யார் கூட்டிக்கொண்டு போவது என்று கேட்டேன். இரண்டு பேருக்குமே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

மார்ச் 30, ஞாயிறு

வாட்ச் கடைக்காரர் இப்போது தன் மகன் வீட்டில் இருக்கிறாராம். இவர் நம்பர் தேடிப் பிடித்துப் பேசினார். "நீதான்டா என்னைப் பார்க்க வரலை" என்று அந்தப் பக்கம் ஒரே கத்தல், "நீதான்டா வரலை" என்று இந்தப் பக்கம். காதில் போனை வைத்தபடி சாப்பாட்டை ஆற விட்டார். நான் தட்டை மூடிவைத்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

டாக்டர் சின்னப் பெண். சரியாகத் தூங்குகிறேனா என்று கேட்டார். இல்லாத ஒன்றைத் தினமும் கண்ணால் தேடிக்கொண்டிருந்தால் கண்ணும் சலித்துப்போய் எதையாவது காட்டிவிடும் என்றார். மாத்திரை கொடுத்திருக்கிறார். நடப்பதை நிறுத்த வேண்டாம், உள்ளதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

ஏப்ரல் 9, புதன்

இன்று இவர் என்னை நடத்திக்கொண்டு போனார். ஒவ்வொரு கடையாக நிறுத்தி, என் உள்ளங்கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார். பள்ளிக்கூடத்தில் கேட்பதுபோல ஒரே கேள்வி.

"இது என்ன?"

"பலகை."

"இது?"

"ஷட்டர். துரு ஏறியிருக்கு."

"இது?"

"கண்ணாடி. உள்ள ஒண்ணும் இல்லை. ஒரு நாற்காலி கவுந்து கிடக்கு."

ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல மனதுக்கு என்னவோ போல இருந்தது. இவ்வளவு நாள் நான் திறந்துவைத்ததை எல்லாம் நானே மூடிக்கொண்டு வந்தேன். இவர் முகம் வாடுகிறதா என்று பார்த்தேன். வாடவில்லை. இவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டதெல்லாம் என் குரலைத்தான்.

சலூன் வந்தது. கண்ணாடியைத் தட்டினார்.

"உள்ள?"

நிதானமாகப் பார்த்தேன். "நாற்காலி மூணு. ஒண்ணுல ஒருத்தர், முகம் பூரா நுரை. சலூன்காரர் நம்மளைப் பார்த்துத் தலையை ஆட்டறார்."

"நிஜமாவா?"

"நிஜமா."

இவர் கையைத் தூக்கி ஆட்டினார். "வாங்க சார்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அதைக் கேட்டதும் இவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. பிறகு மெதுவாக, சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

"வேற யாரும் இல்லையே?"

மூன்றாவது நாற்காலியில் பூனையம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் பூனை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வேற யாரும் இல்லீங்க," என்றேன்.

இவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அப்பாடா," என்றார். "வா, மேல போலாம்."