ஜெயா மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்த காரணம்

டிராங்கெபார், போர்ட் லூயி
18-9-1966

சிரஞ்சீவி விஸ்வத்துக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். இங்கே அப்பா, நான், ஜெயா மூன்று பேரும் சௌக்கியம் என்றுதான் எழுத வேண்டும், உடம்பைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை. உன் உடம்பு எப்படி, இருமல் நின்றதா, அந்த லண்டன் வீட்டுக்காரி இன்னும் தலைக்குக் குளிக்கிறதற்குக் கணக்குப் பார்க்கிறாளா என்றெல்லாம் நீ எழுதினால்தானே தெரியும். போன கடிதத்தில் மழையைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாய். கடைசியில், ஜெயா நன்றாகப் படிக்கிறாளா என்று ஒரு வரி. அந்த வரிக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன், அடுப்பில் பருப்பு வேகிறது, நடுவில் எழுந்து போனால் கோர்வை விட்டுப்போகும், பொறுத்துக்கொள்.

அவள் எப்படிப் படிக்கிறாள் என்று போன மாதம் வரைக்கும் என்னைக் கேட்டிருந்தால் பெருமையாகச் சொல்லியிருப்பேன். ஐந்தாவது வகுப்பு, தினமும் மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவாள், பாடமெல்லாம் முடித்துவிட்டேன் என்பாள், கோயிலுக்குப் பூத்தொடுக்க உட்கார்ந்துவிடுவாள். பக்கத்து வீட்டு இவெட்டின் மகன் பாட்ரிக் அதே வகுப்புதான், அவன் வர ஐந்து மணி ஆகும். பாவம் மந்தமான பிள்ளை போலிருக்கிறது, நிறுத்திவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவெட்டுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று இரண்டு தடவை வடை வேறு கொடுத்தனுப்பினேன். போன மாதம் துணி துவைக்கிற இடத்தில் அவள் என்னைக் கேட்டாள், உன் பெண்ணை ஏன் ஸ்காலர்ஷிப் வகுப்பில் சேர்க்கவில்லை, அவள் என் மகனைவிடக் கெட்டிக்காரி ஆயிற்றே என்று. எனக்குத் தெரிந்த கிரியோல் பாஷை கறிகாய் வாங்கத்தான் போதும், அதனால் அவள் மூன்று தடவை நிறுத்தி நிறுத்திச் சொன்ன பிறகுதான் புரிந்தது. மந்தமான பிள்ளைகளைத்தான் மூன்று மணிக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். பரீட்சைக்குத் தேறுகிற பிள்ளைகளைத்தான் நிறுத்திவைக்கிறார்களாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த அப்பாவின் வேஷ்டியைப் பிழிந்த பிழிவில் அது கிழிந்தே போய்விட்டது.

மறுநாள் இவெட்டைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஜெயாவிடம் சொல்லவில்லை. அவள் டீச்சர் மதாம் ஊகெட் நல்ல மாதிரிதான், நாற்காலி போட்டார், ஆனால் என்னைப் பார்த்த பார்வை நான் வேறு ஏதோ தீவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவள் போல இருந்தது. இவெட் கேட்கக் கேட்க அவர் சொன்னது இதுதான். ஐந்தாவது தொடங்குகிற முதல் சில வாரத்தில் பெரிய வாத்தியார் எல்லாப் பிள்ளைகளையும் சோதித்துப் பார்த்து இரண்டாகப் பிரித்துவிடுகிறார். ஒரு பிரிவுக்குச் சாயங்காலப் பாடம், ஆறாவது முடிவில் ஸ்காலர்ஷிப் பரீட்சை. இன்னொரு பிரிவு ஆறாவதோடு சரி. சோதனை நடந்த நாட்களில் ஜெயா பள்ளிக்கூடத்துக்கு வரவே இல்லை. வராத பிள்ளைக்கு எப்படி மார்க் போடுவது, இரண்டாவது பிரிவில் உட்காரவைத்தோம், பெற்றவர்களைக் கூட்டிவரச் சொல்லிப் பிள்ளையிடம் இரண்டு முறை சொல்லியனுப்பினோம், "மமா பா ஃபின் வினி" என்றார். அம்மா வரவே இல்லை என்று. அந்த அளவு கிரியோல் எனக்கு யாரும் சொல்லித்தராமலே புரிந்தது.

அந்த நாட்களில் ஜெயா எங்கே இருந்தாள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தைப்பூசத்துக்குக் கொடியேறியதிலிருந்து காவடி முடிகிற வரை பத்து நாளும் கோயிலில்தான். நீ இங்கே இருந்தபோது இந்த ஏற்பாடு இல்லை, நீ போன பிறகுதான் அப்பா, கோயில் குருக்கள் என்கிற உரிமையில், ஆரம்பித்தார். காலை எட்டு மணிப் பூசைக்கு விரதம் இருக்கிற பிள்ளைகளெல்லாம் வந்து நின்று தமிழ்ப் பாட்டுப் பாட வேண்டும், அப்படியாவது வாயில் நாலு தமிழ் வார்த்தை நுழையட்டும் என்று. அது நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. பூசை முடிந்து பிரசாதம் கொடுத்து முடிக்கப் பத்தரை ஆகும். அதற்கு மேல் எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்? சாமி காரியம் என்றால் எல்லா வீட்டிலும் பத்து நாள் லீவு. நாலாவது வரைக்கும் அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஐந்தாவதில் அந்தப் பத்து நாள்தான் தலையெழுத்து என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? இந்தத் தீவுக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் பள்ளிக்கூடத்து வாசலை நான் மிதித்தது அன்றைக்குத்தான். நீ வரும்போதே பெரியவன், ஆறாவதுக்கு மேல் சொல்லித்தருகிற, இவர்கள் காலேஜ் என்கிற பள்ளிக்கூடத்தில் நேராகச் சேர்ந்துவிட்டாய், உனக்கும் தெரிந்திருக்காது. ஆனால் உன்னோடு படித்தவர்களெல்லாம் இந்த வழியாக வந்தவர்கள்தானே, ஒரு பேச்சு வந்திருக்காதா, ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா என்று உன் மேலும் எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல்தான் வரவில்லை, சொல்.

இதைக் கேள், இதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. திரும்பி வரும்போது வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முன்பக்கம் பாட்ரிக்கும் அவன் கூட்டாளிகளும். பின்பக்கம் ஜெயா. அவளைச் சுற்றி இருந்த முகமெல்லாம் கோயில் முகம். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற வீரசாமியின் மகள் தெய்வானை, ரோஷ் புவாவிலிருந்து பஸ்ஸில் வருகிற கோபாலன், தையற்காரர் பெண் காமாட்சி, இப்படியே. காலைப் பூசையில் முன்வரிசையில் நின்று பாடின பிள்ளைகளெல்லாம் அங்கே பின்வரிசையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இவெட் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் புருஷன் லூயி, சுதந்திரம் வந்தால் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிவிடுவோம் என்று பயந்துகொண்டே இருக்கிறவர், ஆனால் அவள் என்னிடம் ஒருநாளும் வித்தியாசமாகப் பேசியதில்லை.

சாயங்காலம் ஜெயாவைப் பிடித்துக் கேட்டேன். டீச்சர் கூப்பிட்டதை ஏன் மறைத்தாய் என்று. பூத்தொடுக்கிற நாரைக் கீழே வைத்தாள். அப்புறம், "நீ வந்தா டீச்சர் சொல்றத நான்தானேம்மா ஒனக்குத் தமிழ்ல சொல்லணும். நான் மக்குன்னு நானே எப்படிச் சொல்லுவேன்?" என்றாள். விஸ்வம், அடிக்கத்தான் கையை ஓங்கியிருந்தேன். பத்து வயசுப் பிள்ளை. கடைக்கு, டாக்டருக்கு, தபாலாபீசுக்கு, எங்கே போனாலும் எனக்கு வாயாக இருக்கிறவள் அவள்தான், அதைக் கெட்டிக்காரத்தனம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். அதற்கும் அவளே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பெரிய வாத்தியாரையும் பார்த்துவிட்டேன். வரும் ஜனவரியில் ஆறாவது தொடங்கும்போது இன்னொரு சோதனை உண்டு, அதில் தேறினால் மாற்றிவிடுவார், ஒரு நாள்கூட வராமல் இருக்கக் கூடாது என்றார். நடுவில் மதாம் ஊகெட் சனிக்கிழமைகளில் அவளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறார், அதுவரை நல்லது. ஆனால் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன், வருகிற தைப்பூசமும் சரியாக அந்த நாட்களில்தான். இதைச் சொன்னதற்கு உன் அப்பா, "சாமி நேரத்த ஸ்கூல் மணிக்கு மாத்தச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். விரதத்தை விடச் சொல்லவில்லை, பூசையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் பாடிவிட்டுப் பள்ளிக்கூடம் போகட்டும், பூ முழுக்க நான் தொடுக்கிறேன் என்றேன். அதற்கு அவர், ஊரார் பிள்ளைகளை நிற்கச் சொல்லிவிட்டு என் பெண்ணை மட்டும் அனுப்பினால் நாளைக்கு என் பேச்சை யார் மதிப்பார்கள் என்றார். மட்டும் என்று யார் சொன்னது, எல்லாரையும் அனுப்புங்கள் என்றேன். எல்லாரும் யார் என்று கேட்டார். ஜன்னலில் பார்த்த பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொன்னேன். அந்தப் பெயர்களை நட்சத்திரத்தோடு சேர்த்து வெள்ளிக்கிழமைதோறும் அர்ச்சனையில் சொல்கிறவர் அவர்தான், யார் எந்த வகுப்பு என்பதுதான் அவருக்குத் தெரியாது. பாதிச் சாப்பாட்டில் கையலம்பிவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை, காப்பி வேண்டும் என்பதைக்கூட ஜெயா மூலம் சொல்லியனுப்புகிறார், அந்தப் பிள்ளைக்கு இந்த வேலையும் சேர்ந்துகொண்டது.

ஆகையால் நீ அப்பாவுக்கு எழுது. எனக்கு எழுதுகிறதை இந்த முறை நிறுத்திவிட்டு அவர் பெயருக்கே எழுது. மழை வேண்டாம், பஸ் வேண்டாம். நீ லண்டனில் இருப்பது எதனால், இங்கே காலேஜில் இடம் கிடைத்ததால்தானே, அதை எழுது. சம்பளம் கட்டி அவளைக் காலேஜ் அனுப்ப இந்த வீட்டால் முடியாது, ஸ்காலர்ஷிப் இல்லையென்றால் ஆறாவதோடு பூக்கூடைதான், அதையும் எழுது. நான் சொன்னால் கோபம், நீ சொன்னால் யோசனை, அவர் குணம் உனக்குத் தெரியும். என்றைக்காவது உனக்குக் குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் போனால், அது வீட்டுக்கு வந்து சொல்கிறதோடு நிறுத்திக்கொள்ளாதே, நீயே போய் டீச்சரைப் பார், பாஷை தெரியாவிட்டாலும் போ.

ராத்திரியில் தலையைத் துணியால் மூடிக்கொண்டு படு. ஏகாதசிக்கு வெறும் வயிற்றோடு அந்தக் குளிரில் அலையாதே, சாமி ஒன்றும் சொல்லமாட்டார். முருகன் உன்னைத் தீர்க்காயுசாக, படிப்பில் முதல்வனாக வைக்கட்டும். தீபாவளிக்குள் அப்பாவுக்கு உன் கடிதம் வந்து சேர வேண்டும், மறக்காதே. உன் கடிதத்தைப் படித்து அவர் மனசு மாறினால் சந்தோஷம். மாறாவிட்டாலும் தை மாதம் ஜெயா பள்ளிக்கூடம் போவாள். காலைப் பூசை மணி அடிக்கிற நேரத்தில், கோயில் வாசல் வழியாகவே, நான்தான் அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவேன். பின்னால் எந்தப் பிள்ளை வந்தாலும் திரும்பிப் போ என்று சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ராஜலட்சுமி