பிளாக்கி தோண்டிக்கொள்ள ஓர் இடம்

என் அன்பான மாமாவுக்கு,

பயப்படாதீங்க, நல்ல சேதிதான். ஆனால் அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தப்பையும் சொல்லியாக வேண்டும். நீங்க இருந்திருந்தால் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வந்திருக்காது. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்க.

நீங்க போய் ஆறு மாசம் ஆகிறது. முப்பது வருசம் எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டராக இருந்து ரிட்டயரான பிறகு, விடிந்ததும் உங்களுக்குக் கைத்தடி, மஃப்ளர், நாய், இந்த மூன்றும்தான் வேண்டும். பனி விலகுவதற்கு முன்னால் நீங்களும் பிளாக்கியும் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டுத்தான் நான் அடுப்பைப் பற்ற வைப்பேன். எங்கே போறீங்க, எவ்வளவு தூரம் போறீங்க என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

எனக்கு நாய் என்றாலே ஆகாது. அது உங்களுக்கும் தெரியும். செம்பட்டை நாய்க்கு எதற்கு பிளாக்கி என்று பேர் வைச்சீங்க என்று ஒரு தடவை கேட்டேன். "முன்னால இருந்தது கருப்பு, கண்ணு. பேரை மாத்த எனக்குச் சோம்பல்" என்றீங்க. அதைப் பற்றி நாம் பேசியது அவ்வளவுதான்.

உங்க காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் மலையிறங்கிய மறுநாள், வாசல் படிக்குப் பக்கத்தில் ஒரு குழி. அடுத்த நாள் துவைக்கிற கல்லுக்கு அடியில். அப்புறம் அத்தை பந்தல் போட்டு வளர்த்த சௌசௌக் கொடியை வேரோடு கிளப்பிவிட்டது. கட்டிப் போட்டோம். சங்கிலி எட்டுகிற வட்டம் முழுக்கத் தோண்டியது. அவிழ்த்துவிட்டால் காப்பிச் செடிக்குப் போனது. யாரோ சொன்னார்கள் என்று உங்க மகன் மிளகாய்த்தூள் தூவினார். அது தும்மிக்கொண்டே நாலடி தள்ளிப் போய் இன்னொரு குழி போட்டது.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். ஒரு நாள் கடைக்குப் போய்விட்டு மத்தியானம் வந்து பார்த்தால், மூன்று நாளாகக் குனிந்து குனிந்து நான் நட்ட பீன்ஸ் செடிகள் எல்லாம் வேர் மேலே, தலை கீழே கிடந்தன. பிளாக்கி படியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு என்ன வந்ததோ, விறகுக் கட்டையை எடுத்து அடித்துவிட்டேன். ஒரு அடி இல்லை மாமா, மூன்று நாலு அடி.

அது குரைக்கவில்லை. ஓடவும் இல்லை. சுருண்டு படுத்து, படுத்த இடத்திலேயே ஒண்ணுக்கு விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. தோண்டி ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். எதற்கு அடி வாங்குகிறோம் என்று அதற்குத் தெரியவே இல்லை. அன்றிலிருந்து நான் சோற்றுத் தட்டோடு போனாலும் வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு பின்னால் நகரும். ஆகாத நாய்தான், ஆனாலும் அதைப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. காயப்போட்ட காப்பிக் கொட்டையை அள்ளப் போன அத்தை ஒரு குழியில் கால் வைத்து விழுந்துவிட்டாங்க. சேலத்துக்குக் கூட்டிப் போய்ப் படம் எடுத்துப் பார்த்தோம். எலும்புக்கு ஒன்றுமில்லை, சுளுக்குதான், நல்லவேளை. ஆனால் பார்க்க வந்த உங்க தங்கச்சி சும்மா போகவில்லை.

"ஏனுங்க அண்ணி, ஊட்டு வாசல்ல நாய் குழி தோண்டினா ஆகாதுன்னு தெரியாதுங்களா? அண்ணன் போனாரு. இப்ப நீங்க உழுந்திருக்கறீங்க. அடுத்த குழி யாருக்கோ!"

மறுநாள் காலையில் அத்தை மகனைக் கூப்பிட்டு, "அந்த நாயை எங்காச்சும் உட்டுட்டு வந்திரு சாமி" என்று மட்டும் சொன்னாங்க. உங்க மகன் வேலை செய்கிற ஹோட்டலுக்குச் சாமான் ஏற்றி வருகிற டிரைவர் ஒருத்தருக்கு அடிவாரத்தில் லாரி ஷெட் இருக்கிறது. காவலுக்கு நாய் வேண்டுமாம். சங்கிலியில் கட்டிப் போட்டு வைத்துக்கொள்கிறேன் என்றாராம்.

நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும்தானே? "எனக்கு ஒரு மாசம் குடுங்க" என்று கேட்டேன்.

உங்க மகன் சிரித்தார். "உனக்குத்தான் நாயே ஆகாதே?"

"ஆகாதுதானுங்க. ஆனா அடிச்சதும் நான்தான், தொரத்தினதும் நான்தான்னு ஆயிரக் கூடாது."

அவருக்கு அப்போதுதான் நான் அடித்ததே தெரியும். சரி, ஒரு மாசம் என்றார்.

டவுனில் கால்நடை டாக்டரம்மா ஒருத்தர் இருக்கிறார், சின்ன வயசு. அவரிடம் போய், எதை எதையோ தூவினோம், கட்டிப் போட்டோம், அடித்தோம் என்று எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் மருந்து எதுவும் எழுதவில்லை. "நாயை யாருங்க நடக்கக் கூட்டிட்டுப் போவாங்க?" என்று கேட்டார்.

"எங்க மாமாங்க. தெனமும். இப்ப அவரு இல்லீங்க."

"அவரு போனதுக்கப்புறம்?"

யாரும் இல்லை என்றேன். அந்த அறையில் நாலு பேர் இருந்தார்கள். எனக்கு முகம் கழுவி வந்தால் தேவலை போல இருந்தது.

"நடக்க வேண்டிய நடையெல்லாம் காலுக்குள்ளயே இருக்குதுங்கம்மா. அதான் மண்ணைத் தோண்டுது. மொதல்ல நடக்க வையுங்க. அப்புறம், தோண்டாதேன்னு சொல்றதை உட்டுட்டு, இங்க தோண்டுன்னு ஒரு எடம் குடுங்க. அங்க தோண்டினா அதுக்கு ஏதாச்சும் கெடைக்கணும். அடி மட்டும் வேண்டாம். அடிச்சா உங்களுக்குப் பயப்படும், தோண்டறதை உடாது."

மறுநாள் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டைத் திறந்தேன். பிளாக்கி என்னையும் பார்த்தது, ரோட்டையும் பார்த்தது. நம்பவில்லை. நான் நாலு எட்டு முன்னால் நடந்ததும்தான் வந்தது. அப்புறம் யார் யாரைக் கூட்டிப் போனது என்று கேட்காதீங்க. எஸ்டேட் வழியாக, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில், எனக்குத் தெரியாத குறுக்குப் பாதையில் எல்லாம் இழுத்துக்கொண்டு போய், பஸ் திரும்புகிற இடத்து டீக்கடையில் ஒரு பெஞ்சுக்கு அடியில் புகுந்து உட்கார்ந்துவிட்டது. இழுத்தாலும் வரவில்லை.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "வாங்க வாங்க. ரைட்டரய்யா மருமவளுங்களா? உக்காருங்க." நான் கேட்காமலே ஒரு டீயும் இரண்டு பொறை ரொட்டியும் வந்தது. "அய்யா டீயில நனைச்சுத்தானுங்க குடுப்பாரு. காஞ்ச பொறையை இது தொடாது."

இந்த ஊருக்கு வாழ வந்து பதினேழு வருசம், ஒரு டீக்கடை பெஞ்சில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பொறையை நனைத்துக் கீழே நீட்டினேன். பிளாக்கி யோசித்து யோசித்து, உதட்டால் மட்டும் எடுத்துக்கொண்டது. "மருமவளுக்கு நாய் பயம், ஆனா ஒரு நாளும் இதுக்குச் சோறு வெக்காம இருந்ததில்லைன்னு சொல்லுவாருங்க" என்றார் அவர். இதை ஏன் மாமா என்னிடம் ஒரு தடவைகூட நீங்க சொல்லவில்லை?

பலா மரத்தடியில் கட்டில் அகலத்துக்கு மண்ணைக் கொத்தி, மணலும் இலைமக்கும் கலந்து, சுற்றிக் கல் வைத்தேன். அதில் ஒரு துண்டுப் பொறையைப் புதைத்துவிட்டுக் கூப்பிட்டால், கிட்டவே வரவில்லை. நான் பக்கத்தில் இருப்பதுதான் காரணம் என்று புரிந்தது. தள்ளிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அப்புறம் தோண்டுகிற சத்தம் கேட்டது. நாலாம் நாள் நான் நிற்கும்போதே வந்தது. பத்தாம் நாள் நான் புதைத்து முடிப்பதற்குள் என் கையைத் தள்ளிவிட்டுத் தோண்டியது.

வேறு இடத்தில் கால் வைத்தால் திட்டக் கூடாது, பேர் சொல்லிக் கூப்பிட்டு மரத்தடிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் அது காப்பிச் செடிப் பக்கம் போகும்போதெல்லாம் நான் "பிளாக்கி, வா வா!" என்று கத்திக்கொண்டு சேலையைத் தூக்கிச் செருகி ஓடுவேன். பக்கத்து ஊட்டு அக்கா வேலியில் சாய்ந்து நின்று சிரித்தாங்க. "நாயைப் பழக்கறயா, நாய் உன்னைப் பழக்குதா?" என்று கேட்டாங்க. எனக்கும் சந்தேகம்தான்.

மூன்றாம் வாரம் விடாத மழை. மூன்று நாள் நடக்கப் போகவில்லை. நாலாம் நாள் காலையில் படிக்குப் பக்கத்தில் முழங்கால் ஆழத்துக்குப் புதுக் குழி. உங்க மகன் அதைப் பார்த்துவிட்டு மாசம் முடியக் காத்திருக்காமல் போனை எடுத்து டிரைவரிடம் பேசினார். ஞாயிற்றுக்கிழமை வருவதாக அவர் சொல்லிவிட்டார். நான் அழவில்லை. குழியை மூடி மேலே பலகைக் கல்லைப் பதித்துவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு பிளாக்கியோடு கிளம்பினேன். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து வந்தோம்.

சனிக்கிழமை மத்தியானம் சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். பலா மரத்தடியில் முக்காலி போட்டு, கட்டுப் போட்ட காலை நீட்டி அத்தை உட்கார்ந்திருக்காங்க. கைத்தடி முனையால் மண்ணில் ஒரு ஓட்டை போட்டு, மடியிலிருந்து எதையோ எடுத்து உள்ளே அமுக்குறாங்க. எதிரில் பிளாக்கி, வாலைத் தரையில் அடித்துக்கொண்டு காத்திருக்கிறது. "பொறு, பொறு. இன்னும் ஆழமா வெச்சாத்தான் உனக்கு வேலை" என்கிறாங்க.

வெளியே போய், என்ன அத்தை என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. எறும்புப் புத்து இருக்குதான்னு பாத்தேன்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு டிரைவர் டெம்போவோடு வந்துவிட்டார். கையில் புதுச் சங்கிலி. உங்க மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். நான் வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிளாக்கி ஒருத்தரையும் கவனிக்கவில்லை, மரத்தடியில் தலையை மண்ணுக்குள் விட்டுத் தோண்டிக்கொண்டிருந்தது.

"இதானுங்களா வாசலெல்லாம் தோண்டற நாயி?" என்று டிரைவர் கேட்டார்.

அத்தைதான் பதில் சொன்னாங்க. "வாசல்ல எங்கீங்க தோண்டுது? அது எடத்துலதான் தோண்டுது. நீங்க சிரமப்பட்டு மலையேறி வந்திருக்கறீங்க, டீ குடிச்சுட்டுப் போங்க. நாயைத் தரமாட்டம்."

உங்க மகனுக்கு வந்த சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டும் நீங்க. டிரைவர் நல்ல மனுசன், கோபப்படவில்லை. இட்லியும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அவர் போனதும் நான் பாத்திரம் கழுவுகிற இடத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். துக்கத்தில் இல்லை. இத்தனை நாளாகத் தோளில் உட்கார்ந்திருந்த ஏதோ இறங்கிப் போன மாதிரி இருந்தது. நீங்க போனதற்கும் சேர்த்துத்தான் அன்றைக்கு அழுதேன் என்று நினைக்கிறேன்.

உங்க தங்கச்சி இன்னும் நம்பவில்லை. போகட்டும். அத்தைக்குக் கால் நொம்பத் தேவலை, மெதுவாகக் கேட் வரைக்கும் நடக்கிறாங்க. மரத்தடிக் குழி ஒரு வாரத்துக்குள் இடுப்பளவு ஆகிவிடுகிறது, வாரம் ஒரு தடவை நான்தான் மண் தள்ளி மூடுகிறேன்.

பிளாக்கிக்கு எட்டு வயசு முடிந்துவிட்டது. மூக்கோரம் நரைக்கிறது. ஒரு நாள் அதனால் நடக்க முடியாமல் போகும், தோண்டவும் முடியாமல் போகும். அன்றைக்கும் அது நம்ம ஊட்டு வாசலில்தான் படுத்திருக்கும் மாமா, பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

என்றும் உங்க மருமவள்,
கோமதி
வாழவந்தி