பதின்மூன்று நாள் தாமதம்

ஓசெச்சினா
27 ஜூன் 2011

அன்புள்ள மிலுன்கா,

நலம். நோவி சாதில் உன் தங்கை வீட்டில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். "ஃபோன் பண்ணாத, ஏதாவது வேணும்னா எழுது" என்று சொல்லிவிட்டுப் போனாய். வேண்டியிருக்கிறது, எழுதுகிறேன்.

பிளம் கொட்டை எடுக்கும் என் இயந்திரத்தின் காப்புரிமை போய்விட்டது. நவம்பரில் கட்ட வேண்டிய ஆண்டுக் கட்டணத்தை, நீ புறப்பட்ட வாரம் அது, கட்டவில்லை. அபராதத்தோடு கட்ட ஆறு மாதம் உண்டு. கடைசி நாள் மே 10. நீ இல்லாததால் நானே சமையலறைக் கதவில் தொங்கும் தேவாலய நாள்காட்டியில் வட்டமிட்டேன். அதில் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு தேதி: தேவாலயத்தின் பழைய தேதி ஒரு வரிசை, ஊர் முழுக்கப் புழங்கும் தேதி இன்னொரு வரிசை. நான் வட்டமிட்டது பழைய வரிசையில். மே 23 அன்று சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு, அஞ்சலகம் போய்ப் பெருமையாகக் கட்டினேன். பதின்மூன்று நாள் தாமதம்.

வால்யெவோ பழ ஆலை பன்னிரண்டு இயந்திரம் கேட்டிருக்கிறது, காப்புரிமை உயிரோடிருந்தால். இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். பக்கத்து ஊர்ப் பட்டறைக்காரன் ஏற்கெனவே வந்து அளவெடுத்துப் போய்விட்டான்.

இழந்த உரிமையை மீட்க மனு போடலாமாம். வக்கீல் கோர்தானா சொன்னாள்: "எப்பவும் கவனமா இருக்கிற ஆளு, ஒரே ஒரு தடவை சறுக்கிட்டாருன்னு காட்டணும். அதுக்கு யாரு சாட்சி சொல்லுவாங்க?"

"என் பொண்டாட்டி."

"அவங்க எதுக்கு உங்கள விட்டுட்டுப் போனாங்க?"

"எனக்குக் கவனம் பத்தாதுன்னு."

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தாள். மனுவுக்கு ஜூலை கடைசி வரைதான் நேரம். எழுதித் தருவாயா?

திஹோமிர்

நோவி சாத்
5 ஜூலை 2011

திஹோமிர்,

பொய் எழுத மாட்டேன். எழுதியது இதுதான், அசலை வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன்.

"பதினாறு ஆண்டுகளாக நான் இவருடைய மனைவி. என் பிறந்தநாளை மறந்துவிடுவார். என் அம்மாவின் நாற்பதாம் நாள் வழிபாட்டுக்கு வரவில்லை. அன்று பட்டறையில் இயந்திரத்தின் கத்தியைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்த இயந்திரத்துக்கான ஒரு நாளையும் இவர் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. நாள்காட்டியில் தேதி குறிப்பது நான். ஒரு வாரம் முன்பே போய்க் கட்டுவது இவர். முதல்முறை தானே குறித்தபோது வரிசை மாறிவிட்டது. இயந்திரத்தின் மீது இவருக்கு எவ்வளவு கவனம் என்பது என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. நான் பிரிந்து வந்ததே அதனால்தான்."

கையெழுத்துக்குச் சான்று வாங்க நீதிமன்றம் போனேன். எழுத்தர் இரண்டு முறை படித்தார். "ஏம்மா, இது புகாரா, சாட்சியா?"

"ரெண்டும்தான். முத்திரைய குத்துங்க."

சாப்பிடுகிறாயா? சட்டைக் காலரைத் திருப்பித் தைக்கச் சொல்லித் தையல்காரியிடம் கொடு.

மிலுன்கா

ஓசெச்சினா
24 நவம்பர் 2011

அன்புள்ள மிலுன்கா,

உரிமை திரும்பக் கிடைத்துவிட்டது. கடிதம் நேற்று வந்தது. கோர்தானா சொல்கிறாள்: "இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். ஒரு புருஷனுக்கு இவ்வளவு நல்ல சாட்சிய, இவ்வளவு கோவத்தோட யாரும் எழுதி நான் பாக்கல." இந்த ஆண்டுக் கட்டணத்தை நவம்பர் முதல் தேதியே கட்டிவிட்டேன்.

உன் சாட்சியத்தின் நகல் பட்டறையில், மேசைக்கு மேலே இருக்கிறது. அந்தக் கத்தியை மறுநாள் சோதித்திருக்கலாம். அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

இறந்தோரை நினைக்கும் சனிக்கிழமை அன்று உன் அம்மாவின் கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினேன். உன் கோசரா சித்தி அங்கே இருந்தாள். "அடடே, மாப்பிள்ளை! என்ன, பதிமூணு நாள் முன்னாடியே வந்துட்டியா, இல்ல பிந்திட்டியா?"

"இன்னிக்குத்தான் சித்தி."

"யாரையாவது கேட்டுட்டு வந்தியா?"

"ரெண்டு பேர கேட்டேன்."

போகும்போது அவளிடமிருந்த ரொட்டியில் பாதியை என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

நம் வீட்டுக் காவல் புனிதர் நிக்கோலாவின் நாள் வருகிறது. அந்த விருந்துக்கு யாரையும் அழைக்கும் வழக்கமில்லை. தெரிந்தவர்கள் தாமாக வருவார்கள். அதனால் நான் அழைக்கவில்லை. கெண்டை மீன் சொல்லி வைத்திருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

திஹோமிர்

நோவி சாத்
12 டிசம்பர் 2011

அன்புள்ள திஹோமிர்,

புனித நிக்கோலா நாள் டிசம்பர் 19, திங்கள். பழைய வரிசையைப் பார்த்து ஆறாம் தேதியே மீன் வாங்கியிருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடு. புதிதாக வாங்கிச் சுத்தம் செய்து வை, பொரிக்காதே. நீ பொரித்ததைப் பூனையே யோசித்துத்தான் தின்றது.

கோசரா சித்தியும் எழுதியிருந்தாள். ஒரு வரிதான்: "வந்தான், சரியான நாளில்."

ஞாயிறு பிற்பகல் பேருந்தில் வருகிறேன். அடுத்த ஆண்டு நாள்காட்டி வாங்கிவிட்டேன். அஞ்சலில் போட்டால் கசங்கும். கையில் எடுத்து வருகிறேன். சமையலறைக் கதவில் இருக்கும் ஆணியைப் பிடுங்கிவிடாதே.

உன்
மிலுன்கா