அம்மாவுக்கு எம்.எஸ்ஸி. சீட் கிடைச்ச சேதி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுறது. இங்க நானும் அம்மாவும் சுகம், அங்க நீயும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கீங்கன்னு நம்புறேன். தினமும் போன்ல பேசுற மனுஷன் எதுக்குடா உட்கார்ந்து லெட்டர் எழுதுறார்னு பயந்துடாதே பாப்பா, எல்லாம் நல்ல சேதிதான். வீட்டுல இருந்து போன்ல சொன்னா உங்கம்மா காதுல விழுந்துடும், டிப்போ இரைச்சல்ல பேசினா உனக்கு ஒண்ணும் கேட்காது, அதான் பஸ்ஸை ஓரங்கட்டிட்டு டிப்போ கேன்டீன்ல உட்கார்ந்து எழுதுறேன். எழுத்து கோணலா இருந்தா மேஜை ஆடுதுன்னு அர்த்தம், எனக்குக் கை நடுங்குதுன்னு நினைச்சுக்காதே.

போன வருஷம் அம்மா உன்கிட்ட, கம்ப்யூட்டர் சயின்ஸ்ல எம்.எஸ்ஸி. படிக்கலாம்னு பார்க்கிறேன்னு சொன்னாளே, ஞாபகம் இருக்கா? நீ சிரிச்சுக்கிட்டே, ஆஸ்பத்திரியில பிசியோதெரபி பண்ணிக்கிட்டிருக்கிற உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை, இங்க எங்க சாஃப்ட்வேர் கம்பெனியில அதையே படிச்சுட்டு வந்தவங்களுக்கே முழி பிதுங்குதுன்னு சொன்னே. அம்மா சரிம்மான்னு சொல்லிட்டு சமையல் பேச்சுக்குப் போயிட்டாள். ஆனா ஆசையை விடலை. வேற படிப்பு படிச்சவங்களுக்குன்னு பல்கலைக்கழகத்துல ஒரு வருஷ அடிப்படை வகுப்பு சாயங்காலத்துல நடத்துறாங்க, அதுல தேறினாத்தான் எம்.எஸ்ஸி.க்கு உள்ளே விடுவாங்க. அதுல போய் சேர்ந்துட்டாள். பாஸ் பண்ற வரைக்கும் மகள்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு எனக்கு உத்தரவு. நீ சாயங்காலம் போன் பண்ணும்போதெல்லாம் அம்மா குளிக்கிறாள், அம்மா கடைக்குப் போயிருக்கிறாள்னு நான் புளுகினது இதுக்குத்தான்.

ஏன் இந்தப் பிடிவாதம்னு கேட்பே. அவகிட்ட வர்ற ஒரு ரிட்டயர்டு தபால்காரர், வாதம் வந்து வலது கை விழுந்துபோனவர், தனியா இருக்கிறவர். ஆஸ்பத்திரியில அம்மா பக்கத்துல நின்னா கையைச் சரியா தூக்குவார், வீட்டுக்குப் போனா தப்பா செஞ்சுடுவோமோன்னு பயந்து செய்யவே மாட்டார். அவர் வீட்டுல நான் எப்படிப் போய் நிக்கிறது, ஆனா ஒரு கேமரா நிக்கலாமேன்னு அம்மாவுக்குத் தோணியிருக்கு. கேமராவுல பார்த்துக் கம்ப்யூட்டரே, கை சரியா தூக்கினா சரின்னு சொல்லணும், தப்பா தூக்கினா எங்க தப்புன்னு சொல்லணும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்கு நாங்க பட்ட பாடு இருக்கே!

முதல் பரீட்சையில நல்லா கோட்டை விட்டாள். ரெண்டு நாள் அந்த விடைத்தாளையே புரட்டிக்கிட்டிருந்தாள். அப்புறம் ஒரு காலையில பல் தேய்க்கிறப்போ திடீர்னு சிரிச்சு, இந்தக் கம்ப்யூட்டரும் உங்களை மாதிரியேதாங்க, நான் சொன்னதைத்தான் செய்யுது, சொல்ல நினைச்சதைச் செய்ய மாட்டேங்குதுன்னாள். அதுக்கப்புறம் அவளைக் கையில பிடிக்க முடியலை. கூடப் படிக்கிற ரெண்டு பொண்ணுங்க, ஒருத்தி வரலாறு படிச்சவ, இன்னொருத்தி வயலின் வாசிக்கிறவ, சனிக்கிழமை ஆனா நம்ம சாப்பாட்டு மேஜைதான் அவங்களுக்கு வகுப்பறை. முதல்ல ஆன்ட்டின்னு கூப்பிட்டதுங்க, இப்போ, நீங்க எழுதின புரோகிராம்ல ஏழாவது வரி தப்புன்னு சமமா சண்டை போடுதுங்க. உங்கம்மாவும் விட்டுக்கொடுக்கிறதில்லை.

தபால்காரருக்காக எழுதின புரோகிராமைச் சோதிச்சுப் பார்க்க ஆள் வேணுமே, நான்தான் அகப்பட்டேன். டியூட்டி முடிஞ்சு வந்து ஹால்ல நின்னு கையைத் தூக்கு, இறக்கு, தூக்கு, இறக்கு. ஒரு நாள் நான் சும்மா நிக்கிறேன், அது பாட்டுக்கு சபாஷ் சபாஷ்னுது. பார்த்தா, ஜன்னல் திரை காத்துல ஆடுறதைக் கைன்னு எண்ணிக்கிட்டிருக்கு! எதிர்வீட்டுத் தையல்காரம்மா பொறுக்க முடியாம வந்து, அண்ணன் தினமும் யாருக்குங்க கை காட்டுறார்னு உங்கம்மாகிட்டயே கேட்டுட்டாங்க.

போன வாரம் கடைசித் தேர்வு. செஞ்ச புரோகிராமை மூணு வாத்தியாருங்க முன்னாடி ஓட்டிக் காட்டணும். ஓட்டினாள், சிவப்பு எழுத்துல என்னமோ வந்து அப்படியே நின்னுபோச்சு. நானா இருந்தா வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்திருப்பேன். அவ, நோயாளி கத்தினா எங்கே வலிக்குதுன்னுதானே கேட்போம்னு சொல்லிட்டு அந்தச் சிவப்பு எழுத்தை நிதானமா படிச்சு, முந்தின நாள் தானே மாத்தின இடத்தைக் கண்டுபிடிச்சு, அங்கேயே சரி பண்ணி ஓட்டியிருக்கிறாள்.

முடிவு சொல்ற அன்னைக்கு எனக்கு அதே ரூட்டுல டியூட்டி. பல்கலைக்கழக ஸ்டாப்ல கூட்டத்தோட ஏறினாள். கூப்பிட்டுக் கேட்கலாம்னா, டிரைவரிடம் பேசக்கூடாதுன்னு என் தலைக்கு மேலேயே எழுதியிருக்கு, உங்கம்மா வேற சட்டம் பேசுறவ. எனக்கு நேர் பின்னாடி உட்கார்ந்தாள். கண்ணாடியில பார்க்கிறேன், முந்தானையால கண்ணைத் துடைக்கிறாள். போச்சுடான்னு நினைச்சேன். என்ன சொல்லித் தேத்துறதுன்னு ஒவ்வொரு ஸ்டாப்பா யோசிச்சுக்கிட்டே ஓட்டினேன். கடைசி ஸ்டாப்ல எல்லாரும் இறங்கினதும் என் தோளைத் தட்டி, என்னங்க, நான் எம்.எஸ்ஸி. மாணவிங்கன்னாள். நான் என்னையும் அறியாம ஹார்னை அமுக்கிட்டேன் பாப்பா. கையை எடுக்கவே தோணலை. கண்டக்டர், பிரேக் போயிடுச்சான்னு ஓடி வந்தார். விஷயம் தெரிஞ்சதும் அவரும் ஒரு தடவை அமுக்கினார்.

அடுத்த மாசத்துல இருந்து ஆஸ்பத்திரியில அரை நாள், மிச்சம் படிப்பு. நீ லீவுல வரும்போது நேர்ல சொல்லி உன்னைத் திகைக்க வைக்கணும்னு காத்துக்கிட்டிருக்கிறாள். என் வாய்தான் தாங்கலை. நீ அன்னைக்குச் சொன்னதை நினைச்சு மனசு சங்கடப்படாதே, அவளுக்குத் துளி வருத்தமில்லை, நான் சிரமப்படுவேன்னு பயந்துதான் பிள்ளை சொன்னாள்னு என்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டாள். நீங்க ரெண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிடுங்க. நாள் பூரா நாற்காலியிலேயே இருக்காம நடுவுல எழுந்து தோளைச் சுத்துங்க, இது அம்மா ஓயாம சொல்றது.

கட்டாயம் ஞாபகம் வச்சுக்கோ, அவ சொல்றப்போ ஒண்ணும் தெரியாத மாதிரி வாயைப் பிளக்கணும், என்னைக் காட்டிக் கொடுத்துடாதே. இன்னொண்ணு. புரோகிராம்ல தன்னைத்தானே கூப்பிட்டுக்கிற ஃபங்ஷன்னு ஏதோ ஒண்ணாம், அது மட்டும் அவளுக்கு இன்னும் பிடிபடலை. அந்தப் பொண்ணுங்க சொல்லித் தர்றோம்னு வந்தாங்க, வாத்தியாரும் கூப்பிட்டார். வேண்டாம், அது என் மகள் வந்து சொல்லித் தரட்டும்னு வச்சிருக்கிறாள். வந்ததும் பக்கத்துல உட்கார்ந்து மெதுவா சொல்லிக்கொடு, கண்ணு.

ரெண்டு பேரும் நூறு வயசு நிறைவா வாழணும்.

இப்படிக்கு,
எம்.எஸ்ஸி. மாணவியின் வீட்டுக்காரர்,
உன் அப்பா