முப்பத்தொன்பது வீடுகளுக்கு மாறிப்போன சொற்கள்

நலம் நிலைக்க. மாறோடை நாடு காக்கும் அரசர் பெருமான் வேழங்கோவின் ஆணை பெற்று, அவருடைய ஓலைநாயகம் ஆதன் வெண்கோ தன் கையாலேயே எழுதிய ஓலை இது. ஊற்று வற்றாத நல்லூற்றுக் கோட்டத்தின் தலைவி, பசித்து வந்தவரை ஒருநாளும் திருப்பியனுப்பாத குடியில் பிறந்த இளநங்கை வேண்மாள் தேவியார் திருமுன் இது பணிந்து வைக்கப்படுகிறது. தங்கள் ஏரிகள் நிறைக. தங்கள் வாசல்கள் பொலிக.

வாசல் என்று எழுதும்போதே என் கை கூசுகிறது. சென்ற ஐப்பசியில் தாங்கள் வடக்கு வாசலை அடைக்கச் சொன்னதும், மழைக்கு ஒதுங்க வந்த குறும்பொறை மலைமக்கள் நாற்பது பேர் மூன்று நாள் மதிலுக்கு வெளியே நனைந்து திரும்பிப் போனதும், வழியில் ஒரு முதியவரும் ஒரு கைக்குழந்தையும் மாண்டதும் நாடறிந்தவை. அந்தக் குற்றம் தங்களுடையது அன்று. என்னுடையது. அது எப்படி நேர்ந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

பனிவரைக் கோட்டைக்குக் காவல் சென்ற தங்கள் கோட்டத்து வீரர் அறுபத்திரண்டு பேர். ஆடியில் கணவாய் அடைபடுமுன், ஆளுக்கு ஓர் ஏட்டில் வீட்டாருக்கு ஒரு சொல் எழுதியனுப்ப அரசர் இசைந்தார். கணவன் மனைவிக்குச் சொல்வதை எழுத்தர்கள் பேசிச் சிரிக்கலாகாது என்று கருதி, பெயர்களை ஒரு கட்டாகவும் சொற்களை வேறொரு கட்டாகவும் எழுதச் செய்தேன். இரண்டிலும் வரிசை ஒன்றே. ஆகவே எந்தச் சொல் எவருடையது என்பதை வரிசை மட்டுமே அறியும்.

எங்கள் ஓலைமண்டபத்தில் எல்லா வேலையும் எழுதி வைத்த விதிகளால் நடப்பது. விதி என்பது ஒரு நிரையை, அதாவது வரிசையாக அடுக்கிய ஏடுகளை, வாங்கி, அதில் ஓர் எழுத்தையும் சுரண்டாமல், அதிலிருந்து வேறொரு நிரையைச் செய்து தருவது. சலிக்கும் விதி, வேண்டாத ஏடுகளை விட்டு மற்றவற்றைப் படியெடுக்கும். இணைக்கும் விதியோ நான் இயற்றியது. மண்டபத்தின் பெருமை என்று பிற நாட்டுத் தூதருக்கெல்லாம் நான் காட்டி மகிழ்ந்தது. இரு நிரைகளின் தலை ஏடுகளை எடுத்து ஓர் இணையாகக் கட்டுக. மீதியுள்ள இரு நிரைகளை மறுபடியும் இதே விதிக்குக் கொடுக்க. இரண்டில் ஒன்று தீர்ந்தவுடன் நிற்க. அவ்வளவுதான் அந்த விதி.

என்னோடு ஒத்த வயதினளும் முப்பது ஆண்டு எழுத்தாணி பிடித்தவளுமான மாசாத்தி, ஒன்று தீர்ந்து மற்றொன்றில் ஏடு மிஞ்சினால் என்ன செய்வது என்று அதை நான் இயற்றிய அன்றே கேட்டாள். அப்படி மிஞ்சாது என்றேன். மிஞ்சினால் விதி வாய்திறந்து சொல்ல வேண்டாமா என்று மீண்டும் கேட்டாள். எழுத்தர் பலர் இருந்த அவையில், கேட்ட வேலையைச் செய் என்று அவளை அடக்கினேன். அவள் தலைகுனிந்து போனாள். குனிந்திருக்க வேண்டிய தலை அவளுடையது அன்று.

கட்டுகள் தலைநகர் வந்து சேர்ந்தபோது, வரிசையில் இருபத்துமூன்றாமவனான கொற்றன் கால் முறிந்து வீடு திரும்பியிருந்தான். வீட்டில் இருப்பவனுடைய சொல்லை அவன் வீட்டுக்கே அனுப்புவானேன் என்று எண்ணி, பெயர்க்கட்டை மட்டும் சலிக்கச் சொன்னேன். முதலில் இணைத்துவிட்டுப் பிறகு சலித்திருந்தால், அவன் பெயரோடு அவன் சொல்லும் சேர்ந்தே நீங்கியிருக்கும். நான் முதலில் சலித்தேன், பிறகு இணைத்தேன். பெயர்கள் அறுபத்தொன்று, சொற்கள் அறுபத்திரண்டு. இருபத்துமூன்றாம் இடத்திலிருந்து ஒவ்வொருவர் சொல்லும் வரிசையில் அவருக்கு அடுத்தவர் வீட்டுக்குப் போயிற்று. விதியோ பெயர்கள் தீர்ந்ததும் சத்தமின்றி நின்றுவிட்டது. கடைசிச் சொல் கட்டின் அடியிலேயே கிடந்தது. ஒருவரும் தேடவில்லை.

தையில் படை திரும்பியது. மாசியில் வேட்கன் என்னும் வீரன் மண்டபத்து வாயிலில் வந்து நின்றான். அவன் வீடு பூட்டிக் கிடந்ததாம். எனக்காகக் காத்திருக்காதே, தாய்வீட்டுக்குப் போய்விடு என்று அவன் பெயரால் வந்த ஏட்டை வாசிக்கக் கேட்ட அவன் மனைவி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாளாம். அவன் என்னிடம் சினக்கவில்லை. "ஐயா, நான் அப்படிச் சொல்லலீங்க. கொல்லையில முருங்கை காய்ச்சிருச்சான்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்" என்றான்.

அரண்மனை ஓலை பிழைக்காது என்று அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாசாத்தி பழைய கட்டுகள் இரண்டையும் கொண்டுவந்து என் முன் வைத்தாள். எங்கள் விதிகள் பழைய நிரையைத் தொடுவதில்லை ஆதலால், பெயர் அறுபத்திரண்டும் சொல் அறுபத்திரண்டும் எழுதிய நாளில் இருந்தபடியே இருந்தன. இணைத்துப் பார்க்க ஒரு நாழிகையும் ஆகவில்லை. முப்பத்தொன்பது வீடுகள்.

அவற்றில் முப்பத்தெட்டு வீடுகளுக்கு நானே நடந்து சென்றேன். வேட்கனுக்கு முன்னிடத்தான் கோட்டையில் காய்ச்சல் கண்டு இறந்தவன். காத்திருக்காதே என்ற சொல் அவனுடையது. அவன் மனைவி பூங்கோதைக்குக் கிடைத்திருந்ததோ, அறுவடைக்குள் வந்துவிடுவேன், எனக்காகக் காத்திரு என்னும் வேறொருவன் சொல். அதை எப்படித் திருப்பிக் கேட்பதென்று தெரியாமல் அவள் வாசலில் நின்றேன். அவளே உள்ளே போய் ஏட்டை எடுத்துவந்தாள்.

"இது அவரு சொன்னதில்லேன்னு எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க. அவருக்கு இப்படியெல்லாம் பேச வராது. இருந்தாலும் வச்சுக்கிட்டேன். யாரோ ஒருத்திக்கு வந்ததை நான் வச்சிருந்துட்டேன், அவகிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க" என்றாள்.

பிழை செய்தவன் நான். மன்னிப்புக் கேட்டவள் அவள். அவள் கணவனின் உண்மைச் சொல்லைக் கொடுத்தேன். வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். ஆமாம், இதுதான் அவர், என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள். வேட்கனின் மனைவி மட்டும் இன்னும் திரும்பவில்லை. ஏடு மாறியதை நம்புகிறாளாம். ஆனால் அதைக் கேட்ட நாளில் தான் பட்டதை மறக்க முடியவில்லை என்கிறாளாம்.

முப்பத்தொன்பதாம் வீடு தங்களுடையது. படைத்தலைவரான தங்கள் தம்பியார் பெருந்தேவனார் தம் பெயரை எல்லோருக்கும் பின்னால் எழுதச் சொன்னவர். அவருக்கு முன்னிடத்தான் ஓர் ஆட்டிடையன். குடித்துவிட்டு வந்து கலகம் செய்யும் தன் அண்ணனுக்கு அஞ்சி, வடக்கு வாசலை அடைத்தே வை, யார் கூப்பிட்டாலும் திறக்காதே என்று அவன் தன் மனைவிக்குச் சொல்லியனுப்பினான். அச்சொல் தங்கள் கைக்கு வந்தது. எல்லையில் நிற்கும் தம்பி எச்சரிக்கிறார் என்று எண்ணித் தாங்கள் அதன்படி நடந்தீர்கள். வேறு எவரும் அப்படியே நடந்திருப்பர்.

தம்பியார் திரும்பி வந்து, தாம் அவ்வாறு சொல்லவில்லை என்றதும், அரண்மனை ஓலை ஒருகாலும் மாறாது ஆகையால் ஏட்டைத் தாங்களே மாற்றினீர்கள் என்று அவையில் உரைத்ததும், அன்று முதல் தங்கள் வீட்டில் உண்ணாதிருப்பதும் அறிந்தேன். எங்கள் மண்டபத்துக்கு நான் தேடிய நற்பெயரே தங்களைப் பொய்யராக்கியது.

கட்டின் அடியில் கிடந்த தம்பியாரின் சொல்லை இவ்வோலையோடு வைத்திருக்கிறேன். கோட்டையில் தானியம் தீர்ந்தபோது கிழங்கும் தேனும் சுமந்துவந்து தம் படையை உயிரோடு வைத்தவர்கள் குறும்பொறையார் என்றும், மழையில் அவர்கள் இறங்கி வந்தால் அக்காள் அவர்களுக்குச் சோறும் இடமும் தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. தாங்கள் அதைத் தனியே இருந்து வாசியுங்கள்.

இனி அரசர் ஆணை. இணைத்த பின்னரே சலிக்க வேண்டும். இரு நிரைகளில் ஒன்று முன்னே தீர்ந்தால், விதி வாளா நில்லாமல் மிஞ்சிய ஏட்டைக் காட்டி அறிவிக்க வேண்டும். ஆதன் வெண்கோ ஓலைநாயகப் பொறுப்பிலிருந்து நீங்குகிறான். நீக்கும்படி வேண்டியவனும் அவனே. நாளைக் காலை அவன் குறும்பொறைக்குப் புறப்பட்டு, மாண்ட இருவரின் வீட்டார் முன்னிலையில் நடந்ததைத் தன் வாயால் சொல்வான். அவர்கள் விதிப்பது எதுவாயினும் அதற்குக் கட்டுப்படுவான். காவலர் எவரும் உடன்வர வேண்டாம்.

இவ்வோலையைத் தங்கள் வடக்கு வாசலில், தம்பியார் முன்னிலையில், பறையறைந்து ஊர் கூட்டிப் படிப்பிக்க வேண்டும் என்பதும் அரசர் ஆணை. இதற்கு அரசர் பெருமானின் யானை முத்திரை இடப்பட்டது. என் முத்திரை இடப்படவில்லை.

படிப்பவருக்கு ஒரு வேண்டுகோள். என் பெயர் வரும் இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டாம்.